கதிரவன் மறைப்பும் காணாத மண்டலமும்

2010-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் காவிரிப் படுகையில் மாட்டுப் பொங்கல் நாளாக இருந்தது. தை அமாவாசையும் அன்றே வாய்த்தது. சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்திருந்த வயல்களின்மீது முற்பகல் பதினொரு மணிக்குப் பின் வெயில் மெல்லத் தணியத் தொடங்கிற்று. மேகம் மறைத்ததால் வந்த மங்கல் அன்று அது. நிழல்கள் கூர்மையாகவே விழுந்தன; ஒளி மட்டும் மெலிந்தது. மரத்தடிகளில் இலைகளின் இடைவெளி வழியே சிதறும் வட்ட ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் சிறு பிறையாக மாறின. பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் தஞ்சைப் பகுதியில் கதிரவனின் பெரும்பகுதி மறைந்தது. தெற்கே இராமேசுவரத்திலும் தனுக்கோடியிலும் நின்றோர் அதனை ஒரு பொன் வளையமாகவே கண்டனர். அவ்வளையம் பத்து நிமிடம் நிலைத்தது. இந்தியப் பெருங்கடலின் நடுவே அது பதினொரு நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. அவ்வளவு நீண்ட வளைய மறைப்பு இனி 3043-ஆம் ஆண்டில்தான் நிகழும் எனக் கணித்துள்ளனர்.

நிலத்தில் இருந்தோர் கண்டவை இவை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு அப்பாலும் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. அது கண்ணுக்குப் புலப்படுவதன்று. வானொலி அலைகளும் காந்த ஊசிகளும் ராக்கெட்டுகளுமே அதனை அறிந்து சொல்ல வல்லவை. அம்மாறுதல் யாது, அது தமிழ்நாட்டின் வானத்தில் தனிச்சிறப்புடன் நிகழ்வது ஏன் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நாம் உயிர்க்கும் காற்று மேலே செல்லச் செல்ல மெலிந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல் அது மிக நுண்ணியதாகி விடுகிறது. அங்கே கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் தடையின்றி வந்து காற்றின் அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்குகின்றன. தாக்குண்ட அணு தன் எலக்ட்ரான்களுள் ஒன்றை இழக்கிறது. எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற அணுவை அயனி என்பர். இவ்வாறு அயனிகளும் தனித்து உலவும் எலக்ட்ரான்களும் நிறைந்த பகுதியே அயனி மண்டலம். நிறைந்த பகுதி என்று சொன்னாலும், 100 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பத்துக் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் அயனிகள் உண்டு. சோற்றில் உப்பிட்டதனினும் மிகக் குறைந்த இந்த அளவே வானொலி அலைகளை வளைத்துத் திருப்பப் போதுமானதாக இருக்கிறது.

அறிவியலார் இம்மண்டலத்தை அடுக்குகளாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். 60 முதல் 90 கிலோமீட்டர் வரை உள்ளது டி அடுக்கு. அதற்கு மேல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வரை ஈ அடுக்கு. அதற்கும் மேலே பல நூறு கிலோமீட்டர் பரந்து கிடப்பது எஃப் அடுக்கு. எலக்ட்ரான்கள் மிகுதியாக இருப்பது எஃப் அடுக்கில்தான்.

இப்படி ஒரு மண்டலம் உண்டு என்பதை மனிதர்க்கு முதலில் உணர்த்தியது வானொலியே. 1901-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய குறிப்பொலி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூபவுண்டுலாந்துக்குச் சென்றது. ஒளியைப் போல நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான உலகின் முதுகை எவ்வாறு கடந்தது? வானத்தில் மின்சாரத்தைக் கடத்தும் கூரை ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1902-இல் கென்னெலி, எவிசைடு என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கூறினர். அக்கூரையை 1924-இல் ஆய்ந்து மெய்ப்பித்தவர் ஆப்பிள்டன். அவருக்கு 1947-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இத்துறைக்கு வித்திட்டார். 1947-இல் வெளிவந்த அவருடைய ‘மேல் வளிமண்டலம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர் பல்லாண்டு கைந்நூலாகக் கொண்டனர்.

தஞ்சை உழவர்க்கு வானொலியின் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1960-களில் ஒலிபரப்பிய வேளாண்மை நிகழ்ச்சிகளைக் கேட்டு, ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லை அவர்கள் பயிரிட்டனர். அதனால் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஒரு புதுமையைக் கவனித்திருப்பர். பகலில் திருச்சி நிலையம் மட்டும் தெளிவாகக் கேட்கும். இருள் சூழ்ந்ததும் பெட்டியின் முள்ளைத் திருப்பிய இடமெல்லாம் தொலைதூர நிலையங்கள் ஒலிக்கும். பகலில் டி அடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. எனவே தரையை ஒட்டி வரும் அலைகள் மட்டுமே நம்மை எட்டுகின்றன. இரவில் கதிரவன் இல்லாமையால் டி அடுக்கு கலைந்துவிடுகிறது. அலைகள் மேலுள்ள அடுக்குகளை எட்டித் திரும்பி, நெடுந்தொலைவில் வந்து இறங்குகின்றன. வீட்டுத் திண்ணையில் இருந்த பெட்டியே அயனி மண்டலத்தின் இரவு பகலை அறிவித்துக்கொண்டிருந்தது எனலாம்.

இனிக் கதிரவன் மறைப்புக்கு வருவோம். ஆராய்ச்சிச் சாலையில் ஒரு விளக்கின் பயனை அறிய விரும்பினால் அதனை அணைத்துப் பார்க்கலாம். கதிரவனை அணைக்க எவராலும் இயலாது. இரவு வருகிறதே எனின், அந்தி மெல்ல வருகிறது. கதிர்கள் சாய்ந்து வருகின்றன. காற்றோட்டமும் வெப்பமும் ஒருங்கே மாறுகின்றன. எது எதன் விளைவு என்று பிரித்தறிதல் அரிது. மறைப்போ நடுப்பகலில் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஒளியைக் குறைத்து, அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் மீட்டுத் தருகிறது. தொடங்கும் நொடியும் முடியும் நொடியும் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கிடப்பட்டுள்ளன. இத்தகைய சோதனையை இயற்கை நமக்கு அடிக்கடி வழங்குவதில்லை.

ஆதலின் அறிஞர்கள் மறைப்பைத் தேடிக் கடல் கடந்தும் சென்றனர். 1871-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் காலையில் நிகழ்ந்த முழு மறைப்பின் நிழல் மலையாளக் கரையில் பேக்கல் அருகே நிலமேறி, உதகமண்டலம், அவினாசி, புதுக்கோட்டை ஆகிய இடங்களைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றது. பிரெஞ்சு அறிஞர் சான்சன் நீலகிரியிலும், ஆங்கில அறிஞர் லாக்கியர் பேக்கல் கோட்டையிலும், சென்னை வானாய்வு நிலையத் தலைவர் போக்சன் அவினாசியிலும் தங்கி அதனை ஆராய்ந்தனர். ஏறக்குறைய இரண்டு நிமிடக் காட்சிக்காக அவர்கள் மேற்கொண்ட பயணம் மாதக்கணக்கானது. எனினும் அன்று அவர்கள் நோக்கியது கதிரவனை. அயனி மண்டலம் என ஒன்று இருப்பதை அப்பொழுது எவரும் அறியார்.

மறைப்பைக் கொண்டு அயனி மண்டலத்தை ஆராயும் முயற்சி 1930-களில் வலுப்பெற்றது. காற்றை அயனியாக்குவது கதிரவனின் ஒளியா, அன்றிக் கதிரவன் உமிழும் துகள்களா என்ற ஐயம் அப்பொழுது இருந்தது. ஒளி ஒரு நொடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. துகள்கள் அதனினும் மெதுவாக வருவன. ஆகையால், துகள்களே காரணமாயின் அவற்றைத் திங்கள் மறைக்கும் நேரமும் இடமும் கண்ணால் காணும் மறைப்பினின்றும் வேறுபடும். 1932-ஆம் ஆண்டு ஆகத்து 31-ஆம் நாள் வட அமெரிக்காவில் நிகழ்ந்த மறைப்பின்போது, ஒளி குறைந்த அதே வேளையில் ஈ அடுக்கின் அயனிகளும் குறைந்தன. ஒளியே காரணம் என்பது தெளிவாயிற்று. ஐயத்தைத் தீர்க்க ஒரு பிற்பகல் போதுமானதாயிருந்தது!

அயனிகள் குறைந்ததை எவ்வாறு அளந்தனர்? கிணற்றில் கல்லைப் போட்டு ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுதல் போன்ற முறைதான். தரையிலிருந்து ஒரு வானொலித் துடிப்பை நேரே மேல்நோக்கி அனுப்புவர். அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அறிவர். துடிப்பின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், ஓர் அளவுக்குமேல் அலை திரும்பாமல் மண்டலத்தைத் துளைத்து வெளியேறிவிடும். அந்த எல்லை அதிர்வெண் எலக்ட்ரான்களின் செறிவைக் காட்டிக் கொடுக்கும். எல்லை 10 மெகாஎர்ட்சு ஆயின், ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 12 இலட்சம் எலக்ட்ரான்கள் உள்ளன என்பது கணக்கு. இக்கருவியை அயனிமானி எனலாம். 1950-களில் திருச்சிராப்பள்ளியிலும் கொடைக்கானலிலும் இத்தகைய கருவிகள் இயங்கின. நிலநடுக்கோட்டுப் பகுதியின் அயனி மண்டலத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் ஒரு பங்கு இவ்விரு இடங்களின் பதிவுச் சுருள்களிலிருந்து கிடைத்ததாகும்.

மறைப்பின்போது எல்லா அடுக்குகளும் ஒரே வகையாக மாறுவதில்லை. இதனை விளக்க வேற்று நாட்டு உவமை தேட வேண்டா. நீர் கசிந்தோடும் சிறு வாய்க்கால் ஒன்றின் மதகை அடைத்தால், சிறிது நேரத்தில் வாய்க்கால் வற்றிவிடும்; திறந்தால் உடனே நிறையும். மேட்டூர் அணையை அடைத்தாலோ கல்லணையில் நீர் குறைய மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைப் பகுதி அதனை உணர மேலும் சில நாள் செல்லும். ஈ அடுக்கு அச்சிறு வாய்க்கால் போன்றது. அங்குள்ள மூலக்கூற்று அயனிகள் எலக்ட்ரான்களுடன் விரைவில் மீண்டும் கூடிவிடுகின்றன. ஆகவே கதிரவன் மறைய மறைய அந்த அடுக்கும் மெலிகிறது. வெளிப்பட்டால் சில நிமிடங்களில் பழைய நிலையை அடைகிறது. உயரத்தே உள்ள எஃப் அடுக்கில் ஆக்சிசன் அணுவின் அயனிகளே மிகுதி. அவை எளிதில் கூடாதவை, நெடுநேரம் நிலைப்பவை. எனவே அவ்வடுக்கு பிந்தியே மாறுகிறது.

முழு மறைப்பின்போதுகூட அயனிகளின் ஆக்கம் முற்றும் நின்றுவிடுவதில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கதிரவனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடம் திங்களின் வட்டத்துக்கு வெளியேயும் நீண்டிருப்பது. எக்ஸ் கதிர்களில் பெரும்பகுதியை உமிழ்வது அதுவே. கண்ணுக்கு இருள் சூழ்ந்த வேளையிலும் அயனி மண்டலத்துக்கு ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2010-இல் நிகழ்ந்தது போன்ற வளைய மறைப்பில் இது இன்னும் மிகுதி. அன்று திங்கள் கதிரவ வட்டத்தின் பரப்பில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பங்கையே மறைத்தது.

இதுகாறும் கூறியவை எந்நாட்டுக்கும் பொருந்துவன. தமிழ்நாட்டுக்கு உரிய சிறப்பு இனிமேல்தான் வருகிறது.

உலகம் ஒரு பெருங்காந்தம் என்பதை அறிவீர்கள். காந்த ஊசியை மேலும் கீழும் அசையுமாறு தொங்கவிட்டால், அது வட நாடுகளில் தலை கவிழ்ந்து நிற்கும். தெற்கே வர வர அதன் சாய்வு குறையும். ஓரிடத்தில் தராசுக்கோல் போல் சமமாக நிற்கும். அவ்விடங்களை இணைக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பர். இது நிலநடுக்கோட்டினின்றும் வேறானது. காலப்போக்கில் சிறிது சிறிதாக இடம் பெயர்வது. நம் நாட்டில் இக்கோடு தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரில் இந்தியாவின் முதல் ராக்கெட்டுத் தளத்தை அமைத்ததற்கு இதுவே காரணம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட்டு வானில் கக்கிய சோடிய ஆவியின் செம்மஞ்சள் ஒளி தமிழ்நாட்டிலும் தெரிந்தது.

காந்த நடுக்கோட்டில் அப்படி என்ன சிறப்பு? பகலில் கதிரவனின் வெப்பத்தால் மேல் வளிமண்டலத்தில் காற்று அலைபோல் பெயர்கிறது. மின்சாரம் கடத்தும் ஈ அடுக்கின் காற்று, உலகக் காந்தத்தின் புலத்தை ஊடறுத்துச் செல்லும்பொழுது மின்சாரம் பிறக்கிறது. மிதிவண்டியின் விளக்கை எரிக்கும் டைனமோவிலும் இதுவே நிகழ்கிறது. காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் நடுக்கோட்டுப் பகுதியில் மட்டும் இம்மின்சாரம் பல மடங்கு பெருகி, ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பல்லாயிரம் ஆம்பியர் அளவுள்ள இவ்வோட்டத்துக்கு 1951-இல் சாப்மன் என்னும் அறிஞர் இட்ட பெயரைத் தமிழில் ‘நடுக்கோட்டு மின்தாரை’ எனலாம். காலையில் எழுந்து, நண்பகலை ஒட்டி உச்சமடைந்து, மாலையில் ஓய்வது அது. காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது போலவே அதன் மேலே வானத்தில் ஓடும் இந்த ஆறும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. தஞ்சை நிலம் அப்பட்டையின் வடகரையில் அமைந்துள்ளது.

நடுக்கோட்டருகே நண்பகலில் காந்தப்புலம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்வதை முதலில் காட்டியது, 1922-இல் பெரு நாட்டின் உவாங்காயோவில் தொடங்கப்பட்ட காந்த ஆய்வுநிலையம். நம் பகுதியில் கொடைக்கானலும் திருவனந்தபுரமும் அப்பணியைச் செய்தன. உலகப் புவியியற்பியல் ஆண்டு எனச் சிறப்பிக்கப்பெற்ற 1957-இல் கொள்ளிடத்துக்கு வடக்கே அண்ணாமலைநகரிலும் ஒரு காந்த ஆய்வுநிலையம் எழுந்தது. மின்தாரை தென்னகத்தில் எவ்வளவு அகலம் பரந்துள்ளது, அதன் விளிம்பில் வலிமை எப்படிக் குறைகிறது என்பவற்றை அறிய இந்நிலையத்தின் அளவைகள் பெரிதும் உதவின. சிதம்பரத்தின் வயல்களுக்கிடையே ஓர் அறையில் தொங்கிய காந்தம் நூறு கிலோமீட்டர் உயரத்து ஆற்றின் ஏற்ற இறக்கத்தை எழுதிவைத்தது என்பது எண்ணுந்தோறும் இன்பம் தருவதாகும்.

மின்தாரையோடு தொடர்புடைய மற்றொரு விந்தையும் உண்டு. கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்பொழுது, மின்னூட்டத் துகள்கள் அவ்விரண்டுக்கும் குறுக்கான மூன்றாம் திசையில், அதாவது மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. நடுக்கோட்டின் மேலுள்ள எலக்ட்ரான்களும் அயனிகளும் இவ்வாறு பல நூறு கிலோமீட்டர் உயர்ந்து, பின்னர்க் காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. ஏற்றம் இறைப்பவன் கிணற்று நீரை மேலே முகந்து இருபுறத்து வாய்க்கால்களிலும் ஊற்றுவது போன்றது இச்செயல். அறிவியலார் இதனை ஊற்று விளைவு என்பர். இதன் பயனாக, கதிரவன் தலைக்குமேல் காயும் தென் தமிழகத்தின் வானத்தில் எலக்ட்ரான்கள் மிகுந்திருக்க வேண்டிய நண்பகலில் பள்ளமும், வடக்கே குசராத்து, வங்கம் முதலிய பகுதிகளின் வானத்தில் மேடும் உண்டாகின்றன. 1946-இல் இதனை ஆப்பிள்டன் எடுத்துக்காட்டியபோது பலருக்கும் இது புதிராகவே தோன்றிற்று.

மறைப்பு இங்கே வரும்பொழுது நிகழ்வது என்ன என்பது இப்பொழுது விளங்கும். பிற நாடுகளில் மறைப்பு ஒளியை மட்டும் பறிக்கிறது. ஒளி குறைய அயனிகள் குறைகின்றன. நடுக்கோட்டுப் பகுதியிலோ அது ஏற்றத்தையே நிறுத்திவிடக்கூடும். ஈ அடுக்கு மெலிந்தால் மின்சாரம் கடத்தும் திறன் குறைகிறது. மின்தாரை தளர்கிறது. தளர்ந்தால் மேல்நோக்கிய இறைப்பும் தளர்கிறது. அதன் விளைவு நிழல் விழுந்த இடத்தோடு நிற்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஊற்றின் நீரை நம்பியிருக்கும் வடபுலத்து மேட்டிலும் எலக்ட்ரான்கள் குறையலாம். தென்புலத்திலோ, வெளியேற வேண்டிய எலக்ட்ரான்கள் வெளியேறாமல் தங்கிவிடுவதால், ஒளியின்மையால் ஏற்பட்ட இழப்பு ஓரளவு ஈடாகலாம். மேல்மடையில் அடைப்பு விழுந்தால் கடைமடை காய்வதும் மேல்மடை தேங்குவதும் காவிரிப் படுகையார் அறிந்தவையே.

2010-ஆம் ஆண்டு மறைப்பு இதனைச் சோதிக்க மிகவும் ஏற்றதாக அமைந்தது. வளையம் தெரிந்த பாதையிலேயே தும்பா இருந்தது. காந்த நடுக்கோடும் அருகே இருந்தது. உச்சமும் மின்தாரை வலுத்திருக்கும் நண்பகலை ஒட்டி வந்தது. இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிதினும் அரிது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் மறைப்புக்கு முதல் நாளும் மறைப்பு நாளிலும் ரோகிணி ராக்கெட்டுகள் பலவற்றைச் செலுத்தினர். முதல் நாள் ஏன் செலுத்தினர் என்று கேட்கத் தோன்றும். மறைப்பில்லாத நாளின் நிலை தெரியாவிடின் மறைப்பு நாளின் மாறுதலை எதனோடு ஒப்பிடுவது? விதையிட்ட பாத்தியின் அருகே விதையிடாத பாத்தியொன்றை விட்டுவைப்பது போன்ற எச்சரிக்கை இது.

திருவனந்தபுரத்தில் கிடைத்த அளவைகள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மாறுதலைக் காட்டின. மின்தாரை தளர்ந்ததோடு நில்லாமல், சிறிது நேரம் திசைமாறி மேற்கு நோக்கிப் பாய்ந்தது! இதனை எதிர்மின்தாரை என்பர். ஆறு பின்னோக்கி ஓடியது போன்ற இந்நிகழ்ச்சிக்கு, நிழலுக்குள் குளிர்ந்த பகுதிக்கும் வெளியே வெயில் காய்ந்த பகுதிக்கும் இடையே மின்கடத்தும் திறனில் ஏற்பட்ட வேறுபாட்டைக் காரணமாகக் கூறினர்.

ஆயினும் இங்கே அவசரப்படலாகாது. எதிர்மின்தாரை மறைப்பில்லாத நாட்களிலும் சிற்சில வேளை தோன்றுவதுண்டு. கடல் நீரைப் போலவே மேல் வளிமண்டலத்திலும் திங்களின் ஈர்ப்பால் ஓதம் எழுகிறது. அதனால் அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டி எதிர்மின்தாரை தோன்றும் வாய்ப்பு மிகுதி. கதிரவன் மறைப்போ அமாவாசையன்றி வேறு நாளில் வருவதே இல்லை. ஆகவே கண்ட மாறுதலில் நிழலின் பங்கு எவ்வளவு, ஓதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டியுள்ளது. மற்ற அமாவாசை நாட்களின் பதிவுகளையும் எடுத்துவைத்துப் பொறுமையுடன் ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது. இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக வந்ததனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ராக்கெட்டு விடுவோர்க்கு மட்டுமன்றி, மறைப்பு நாளில் நேர்ந்த தீமைகளையெல்லாம் மறைப்பின்மேல் ஏற்றிச் சொல்வோர்க்கும் இது தெரிந்திருத்தல் நலம்.

அடுத்து 2019-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஒரு வளைய மறைப்பு நிகழ்ந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக நிழல் சென்றது; தஞ்சையிலும் கதிரவன் பெரும்பாலும் மறைந்தது. திங்கள் இம்முறை கதிரவப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கை மறைத்தது எனினும், உச்சம் காலை ஒன்பதரை மணியளவில் வந்தமையால் மின்தாரை அப்பொழுதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. மறைப்பின் ஆழம் மட்டுமன்றி அது வரும் வேளையும் விளைவைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்விரு மறைப்புகளையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

அந்நாள் நாகைக் கடற்கரைக்கு வேறொரு வகையிலும் மறக்கவொண்ணாத நாள். 2004-ஆம் ஆண்டு அதே திசம்பர் 26-ஆம் நாள் காலையில்தான் ஆழிப்பேரலை அக்கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளில், உறவினர் கடலோரம் மலர் தூவிய காலையில், மறைப்பும் வந்தது. அந்தப் பேரலையும் அயனி மண்டலத்தில் தன் சுவட்டைப் பதித்திருந்தது: கடலின் மேற்பரப்பு எழுந்து தாழ்ந்ததால் காற்றில் உண்டான அலை உயரே செல்லச் செல்லப் பெருகி, எலக்ட்ரான்களின் அடர்வை அசைத்ததை அன்று மேலே சென்ற செயற்கைக்கோள்கள் பதிந்திருந்தன. அயனி மண்டலத்தின் இயல்பான அசைவுகளையும் மறைப்பு போன்றவற்றால் உண்டாகும் அசைவுகளையும் செவ்வனே அறிந்து கழித்தால், எஞ்சுவதில் பேரலையின் சுவட்டைக் கண்டு முன்கூட்டியே எச்சரிக்கலாகுமா என்று இன்று ஆராய்ந்து வருகின்றனர்.

கடல்மேற் செல்லும் நாகை மீனவர்க்கு அயனி மண்டலத்தோடு நாள்தோறும் தொடர்பு உண்டு. அவர்தம் கையிலுள்ள திசைகாட்டும் கருவி செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறது. அவ்வலைகள் அயனி மண்டலத்தைக் கடக்கையில் சிறிது தாமதமாகின்றன. நடுக்கோட்டுப் பகுதியில், கதிரவன் சீற்றமுற்ற ஆண்டுகளின் நண்பகலில், இத்தாமதம் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட பிழையை உண்டாக்க வல்லது. மறைப்பால் எலக்ட்ரான்கள் குறைந்தால் தாமதமும் குறையும். மாற்றம் பெரும்பாலும் ஓரிரு மீட்டருக்குள் அடங்கும். மீன்பிடி படகுக்கு அது பொருட்டன்று. வானூர்தியை ஓடுதளத்தில் இறக்குவோர்க்கோ பொருட்டாகும். அயனி மண்டலத்தின் மாறுதல்களைக் கணந்தோறும் கணக்கிட்டுத் திருத்தம் வழங்கும் ககன் என்னும் ஏற்பாட்டை இந்தியா அமைத்துள்ளது அதற்காகவே.

இவையனைத்தும் வானத்தில் நிகழ்வன. மறைப்பின் வேளையில் சமைத்த சோறு நஞ்சாகும் என்றும், கருவுற்ற பெண்டிர் வெளியே வந்தால் குழந்தைக்கு ஊனம் நேரும் என்றும் அஞ்சி, அவர்களை உணவும் நீருமின்றி அடைத்து வைப்போர் இன்றும் உளர். நூறு கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான்கள் குறைவது சோற்றையும் தீண்டாது, கருவையும் தீண்டாது. ஒவ்வோர் இரவும் அவை அதனினும் மிகுதியாகவே குறைகின்றன. கருவுற்றவள் நெடுநேரம் நீரின்றி இருப்பதுதான் தீங்கு. மெய்யான இடர் ஒன்று உண்டு: மறையும் கதிரவனை வெறுங்கண்ணால் நோக்கினால் விழித்திரை கருகிப் பார்வை பழுதாகும். அதற்கென அமைந்த வடிகண்ணாடி வழியாகவோ, அட்டையில் ஊசித்துளையிட்டுத் தாளில் விழும் உருவத்திலோ பார்த்தல் வேண்டும். புகையேற்றிய கண்ணாடியும், பழைய எக்ஸ் கதிர்ப் படத்தாளும் போதா.

2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மற்றொரு வளைய மறைப்பு கேரளத்தின் தென்பகுதி, தென் தமிழகம், இலங்கையின் வடபகுதி ஆகியவற்றைக் கடக்கவிருக்கிறது. இம்முறையும் அது நண்பகலை ஒட்டியே வருகிறது. 2010-இல் தை மாதக் கதிரவன் தெற்கே சாய்ந்திருந்தது. 2031-இல் வைகாசிக் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். மின்தாரை அன்றும் பின்னோக்கிப் பாயுமா என்பதைக் காந்த ஆய்வாளர் நோக்குவர். மத்திய அலை வானொலிப் பெட்டி வைத்திருக்கும் மாணவரும் ஒன்று செய்யலாம். பகலில் மங்கலாகக் கேட்கும் தொலைதூர நிலையம் ஒன்றைத் தேர்ந்து, மறைப்பின் முதல் நாளும் மறைப்பு நாளும் மறுநாளும் முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒலியின் வலிமையைக் குறித்துவைக்க வேண்டும். டி அடுக்கு எப்பொழுது மெலிந்தது, எப்பொழுது மீண்டது என்பதை அம்மூன்று நாட் குறிப்புகளும் தாமே காட்டும்.